ஹெஸ்ஸே முதல் முனுசாமி வரை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார் என்று நீங்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். இன்றும் அப்படித்தான். ஒரு டம்ளர் டீயோடு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெர்மனியிலிருந்து ஒரு போன் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்த பையன். அவனுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது, இருந்தாலும் எனக்குப் பையன்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, இன்று ஸ்டுட்கார்ட் நகரத்தில் கார் தயாரிப்புத் துறையில் இருக்கிறான். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அப்பா பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தான். அப்பா பெயர் முனுசாமி. நம் பக்கத்தில் தெருவுக்கு நான்கு முனுசாமி உண்டு என்பதால் யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

"சார், இங்க யாரும் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ஆபீஸ்ல 'ஹெர் முனுசாமி'ங்கறாங்க. வாசல்ல காலிங் பெல்லுல முனுசாமி, தபால் பெட்டியில முனுசாமி. திருத்தணியைத் தாண்டிப் போகாத மனுஷன் சார் எங்கப்பா. அவர் பேரு இங்க வந்து ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சிரித்தான்.

ஜெர்மனியில் வீட்டு வாசலில் கதவு எண்ணைவிடக் குடும்பப் பெயர்தான் முக்கியம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். அங்கே போனதும் அந்தப் பெயராகவே ஆகிவிடுகிறார்கள்.

அவன் போன் செய்த காரணம் வேறு. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"பிறப்பைப் பதியப் போனா, குழந்தையோட குடும்பப் பேரு என்னன்னு கேக்கறாங்க சார். என் பாஸ்போர்ட்டுல எங்கப்பா பேரு. அவ பாஸ்போர்ட்டுல அவங்கப்பா பேரு. இதுல எது உங்க குடும்பப் பேருன்னு அந்தம்மா கேக்கறாங்க. எங்க வீட்டுக்குன்னு ஒரு இண்டிபேரு இருந்துச்சே சார், அது என்ன? என்னை ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா சொல்லியிருப்பாரே, ரெஜிஸ்டர்ல இருக்குமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான்.

1992 ஜூன் மாதம். முனுசாமி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பையன் பெயரைக் கேட்டேன். நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் வழக்கப்படி இண்டிபேரை முதலில் சொல்லி, பிறகு பையன் பெயரைச் சொன்னார். "அதெல்லாம் எதுக்குங்க, இனிஷியல் போதும்" என்று சொல்லி 'மு.' என்று போட்டு எழுதினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெயர் அந்த நிமிடத்தோடு காகிதத்தில் ஏறாமல் போனது. இப்போது முனுசாமி இல்லை.

"விசாரிச்சுச் சொல்றேன்பா" என்று போனை வைத்தேன். ஆனால் அவன் சொன்ன ஸ்டுட்கார்ட் என்ற ஊர்ப் பெயர் மட்டும் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஊருக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. இங்கிருந்து அவன் அங்கே போவதற்குப் பல தலைமுறை முன்பே, அங்கிருந்து ஒருவர் நம் பக்கத்துச் சித்தூருக்கு வந்திருக்கிறார். அவரோடு தொடர்புடைய ஒரு குடும்பப் பெயர் ஊர் ஊராக நடந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம்.

ஜெர்மானியர்களுக்கு ஆதியிலிருந்தே குடும்பப் பெயர் இருந்ததா? இல்லை. ஒரு காலத்தில் அவர்களுக்கும் ஒற்றைப் பெயர்தான். சுமார் 12-ஆம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகின. ஒரே தெருவில் நான்கு யோஹான், ஐந்து பீட்டர் ஆகிவிட்டார்கள். வரி வாங்குபவருக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் குழப்பம். யார் எந்த யோஹான் என்று பிரித்துச் சொல்ல இன்னொரு சொல் தேவைப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள நம் தெருவின் முனுசாமிகளே போதும். பால்கார முனுசாமி, குள்ள முனுசாமி, ஆத்தங்கரை முனுசாமி, கன்னியப்பன் மகன் முனுசாமி, நகரி முனுசாமி. தொழில், உடல்வாகு, வீடு இருக்கும் இடம், அப்பா பெயர், வந்த ஊர். ஜெர்மன் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இந்த ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஷ்மிட் என்றால் கொல்லர். வேபர் என்றால் நெசவாளர். பொதட்டூர்ப்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டைக்காரர்கள் கவனிக்கவும், சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் பெயரளவில் உங்கள் ஆள். கார்ப் பந்தய வீரர் ஷூமாக்கரின் பெயருக்குச் செருப்பு தைப்பவர் என்று பொருள். கிளைன் என்றால் சின்னவர். பாக் என்றால் ஓடை. பீட்டர்ஸ் என்றால் பீட்டரின் பிள்ளை. பூச்சி மருந்து டப்பாவில் நீங்கள் பார்த்திருக்கும் பேயர் என்ற பெயர், நிறுவனரின் குடும்பப் பெயர். அதற்குப் பவேரியாக்காரர் என்று பொருள்.

தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் பாதிரியார்களின் பெயர்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 1720-களில் சென்னைக்கு வந்து தெலுங்கும் தமிழும் கற்ற பெஞ்சமின் ஷுல்ட்ஸே பெயருக்கு ஊர்த் தலைவர் என்று பொருள். நம் மணியக்காரர் மாதிரி. 1779-ல் தமிழ் அகராதி வெளியிட்ட ஃபப்ரீசியஸ் பெயரில் இருப்பது கைவினைஞரைக் குறிக்கும் லத்தீன் சொல். படித்த குடும்பங்கள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வது அந்தக் காலத்து நாகரிகம். தஞ்சாவூர் சரபோஜி மன்னரைப் பிள்ளைபோல் பாதுகாத்து 1798-ல் அங்கேயே இறந்த ஷ்வார்ட்ஸ் பெயருக்குக் கறுப்பு என்று பொருள். வெள்ளைக்காரப் பாதிரியார், பெயரோ கறுப்பு. அவருடைய முன்னோர் ஒருவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்திருக்கலாம். பட்டப்பெயர் ஒருவரோடு போகாமல் பிள்ளை, பேரன் என்று தொடர்ந்தபோது அது குடும்பப் பெயர் ஆனது. 1876-ல் ஜெர்மனி முழுவதும் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு வந்தபோது அப்படியே உறைந்தது.

இனி கதைக்கு வருவோம்.

1814-ல் ஸ்டுட்கார்ட்டில் ஹெர்மன் குண்டர்ட் பிறந்தார். குண்ட் என்பது போரைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். ஆனால் இவர் பிடித்த ஆயுதம் பேனா. டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து முனைவர் பட்டம் பெற்று, 1836-ல் சென்னையில் வந்து இறங்கினார். ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய சமயக் குழுவில், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் வேலை. ஆக, நம் தொழில்.

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் சில காலம் இருந்தார், தமிழ் கற்றார். பிறகு சித்தூர் வந்தார். அப்போது சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். பள்ளிப்பட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். அங்கேதான் 1838 ஜூலையில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ஜூலி துபுவா, பிரெஞ்சு பேசும் சுவிஸ் நாட்டுப் பெண், அதே குழுவில் ஊழியம் செய்தவர். துபுவா என்ற குடும்பப் பெயருக்குக் காட்டைச் சேர்ந்தவர் என்று பொருள். அன்றோடு அந்தப் பெயர் போய், அவர் ஜூலி குண்டர்ட் ஆனார்.

இருவரும் அந்த ஆண்டே மங்களூர் போய் பாசல் மிஷனில் சேர்ந்தார்கள். மறு ஆண்டு தலச்சேரிக்கு அருகில் இல்லிக்குன்னு என்ற இடத்தில் குடியேறினார்கள். ஜூலி அம்மையார் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். குண்டர்ட் மலையாளத்தில் மூழ்கிவிட்டார். மலையாளத்துக்கு இலக்கணம் எழுதினார். 1847-ல் ராஜ்யசமாசாரம் என்ற மலையாளத்தின் முதல் செய்தித்தாளைத் தொடங்கினார். அவருடைய மலையாள ஆங்கில அகராதி 1872-ல் வந்தது. இன்றும் தலச்சேரியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர்களுடைய மகள் மரீ 1842-ல் தலச்சேரியில் பிறந்தார். அவருடைய வாழ்க்கையைப் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம். பிறக்கும்போது மரீ குண்டர்ட். சார்லஸ் ஐசன்பெர்க் என்ற மிஷனரியை மணந்து மரீ ஐசன்பெர்க். 1870-ல் கணவர் இறந்தார். கையில் இரண்டு பிள்ளைகள். 1874-ல் மறுமணம் செய்துகொண்டு மரீ ஹெஸ்ஸே. ஒரே பெண், மூன்று குடும்பப் பெயர். மூன்றும் ஆண்களுடைய பெயர்.

இரண்டாவது கணவர் யோஹான்னஸ் ஹெஸ்ஸே. நான் சொல்ல வந்த குடும்பப் பெயர் இதுதான்.

ஜெர்மன் மொழியில் ஹெஸ்ஸே என்றால் ஹெஸ்ஸன் நாட்டுக்காரர் என்று பொருள். ஹெஸ்ஸன் என்பது ஜெர்மனியின் நடுவில் உள்ள பகுதி. பிராங்க்பர்ட் நகரம் இன்று அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் யோஹான்னஸ் ஹெஸ்ஸே எங்கே பிறந்தார்? ஹெஸ்ஸனிலா? இல்லை. 1847-ல் எஸ்டோனியாவில், வைசன்ஸ்டைன் என்ற சிற்றூரில். அந்த ஊருக்கு இன்று பைடே என்று பெயர். அன்று அது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அவருடைய அப்பா கார்ல் ஹெர்மன் ஹெஸ்ஸே அங்கே டாக்டர். அவர்களுடைய முன்னோர் வட ஜெர்மனியின் லூபெக் துறைமுகத்திலிருந்து பால்டிக் கடலோரத்துக்குப் போனவர்கள். லூபெக் வணிகர்கள் அந்தக் கடல் முழுவதும் கப்பல் விட்டவர்கள். எஸ்டோனிய நகரங்களில் ஜெர்மன் குடும்பங்கள் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்தன.

அந்தப் பெயர் முதலில் எப்படி வந்திருக்கும் என்று யோசியுங்கள். ஹெஸ்ஸனில் இருக்கும்வரை ஒருவரை யாரும் ஹெஸ்ஸன்காரர் என்று கூப்பிட மாட்டார்கள், அங்கே எல்லோரும் அதுதானே. நகரியில் இருக்கும்வரை ஒருவர் நகரிக்காரர் இல்லை. அவர் பள்ளிப்பட்டுக்கு வந்து கடை போட்ட மறுநாளே அது நகரிக்காரர் கடை ஆகிவிடுகிறது. ஊரை விட்டவனுக்குத்தான் ஊர்ப்பெயர். ஹெஸ்ஸே என்ற பெயர் ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதென்றால், முன்பு எப்போதோ அவர்களுடைய முன்னோர் ஒருவர் ஹெஸ்ஸனை விட்டு நடந்தார் என்று பொருள். அந்தப் பெயர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. எதை விட்டு வந்தார்கள் என்பதைத்தான் சொல்லும்.

விட்டு வந்தவர்கள் அங்கேயும் நிற்கவில்லை. யோஹான்னஸ் எஸ்டோனியாவிலிருந்து பாசல் போனார். 1869-ல் மிஷனரியாக இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்கு வந்தார். உடல்நிலை கெட்டு 1873-ல் திரும்ப வேண்டியதாயிற்று. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் கால்வ் என்ற சிற்றூரில் இந்தியாவிலிருந்து முன்பே திரும்பியிருந்த முதிய குண்டர்ட் ஒரு பதிப்பகத்தை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார் யோஹான்னஸ். அங்கே கைம்பெண்ணாக இருந்த மகள் மரீயைச் சந்தித்தார். தலச்சேரியில் பிறந்த பெண்ணும் எஸ்டோனியாவில் பிறந்த பையனும் கால்வில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அவர்களுக்கு 1877-ல் பிறந்த மகன்தான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1946-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். சித்தார்த்தா நாவலை எழுதியவர். திருலோக சீதாராம் அதைத் தமிழில் தந்திருக்கிறார். அந்த எழுத்தாளருடைய தாய்வழிப் பாட்டனுக்கும் பாட்டிக்கும் கல்யாணம் நடந்தது நம் சித்தூரில் என்று நான் வகுப்பில் சொன்னபோது உங்களில் பாதிப் பேர் நம்பவில்லை.

ஹெர்மன் என்ற பெயரைக் கவனித்தீர்களா? அப்பாவைப் பெற்ற பாட்டன் கார்ல் ஹெர்மன். அம்மாவைப் பெற்ற பாட்டன் ஹெர்மன் குண்டர்ட். இரண்டு பாட்டன் பெயரும் பேரனுக்கு. நாம் பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்கிறோம். அதுதான் பேரன் ஆயிற்று. அங்கேயும் அதே வழக்கம் இருந்திருக்கிறது. குடும்பப் பெயரில் அம்மாவின் வீட்டுக்கு இடமில்லை. குண்டர்ட் என்ற பெயர் மகளோடு நின்றுவிட்டது, ஜூலியின் துபுவா அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆனால் ஹெர்மன் என்ற சொந்தப் பெயரின் வழியாக அம்மாவைப் பெற்றவர் பேரனிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

இந்த ஹெர்மன் ஹெஸ்ஸே எந்த நாட்டுக்காரர்? பெயர் ஹெஸ்ஸன்காரர். பிறந்தது வூர்ட்டம்பெர்க் நாட்டில். அப்பாவின் வழியில் பிறக்கும்போதே ரஷ்யக் குடிமகன். பிறகு வூர்ட்டம்பெர்க் குடியுரிமை. 1924-ல் சுவிஸ் குடியுரிமை. 1962-ல் இறந்தது சுவிட்சர்லாந்தில். 1911-ல் இலங்கை, சிங்கப்பூர், சுமத்ரா என்று கப்பலில் சுற்றினார். ஆனால் அம்மா பிறந்த தலச்சேரிக்கு வரவில்லை. 1919-ல் டெமியான் நாவலை வெளியிட்டபோது தன் பெயரையே மறைத்து எமில் சின்க்ளேர் என்று போட்டுக்கொண்டார். புகழ்பெற்ற குடும்பப் பெயரையும் கொஞ்ச நாள் கழற்றி வைக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கு வந்திருக்கிறது.

"இது யாரோ வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குப் பதில் நம் திருத்தணியில் இருக்கிறது.

ஆசிரியர் தினத்தன்று நீங்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள். அந்தத் தினத்துக்குரிய டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தவர். அந்த 'எஸ்' எது என்று வகுப்பில் கேட்பேன். அப்பா பெயர் என்று எல்லோரும் கை தூக்குவீர்கள். அப்பா பெயர் வீராசாமி. 'எஸ்' என்பது சர்வபள்ளி. நெல்லூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அவருடைய முன்னோர் அந்த ஊரை விட்டு வந்தவர்கள். அவர் பிறந்ததோ வளர்ந்ததோ சர்வபள்ளியில் இல்லை. அவருடைய மகன், வரலாற்று அறிஞர் கோபால், அவரும் சர்வபள்ளி கோபால்தான். ஹெஸ்ஸனைப் பார்க்காத ஹெஸ்ஸேயைப் போலத்தான் இதுவும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ராதாகிருஷ்ணன் சிறுவனாகத் திருப்பதியில் படித்த பள்ளி, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து வந்த லுத்தரன் மிஷன் நடத்தியது. ஊர்ப்பெயரைச் சுமந்த திருத்தணிப் பையன், ஊர்ப்பெயரைச் சுமந்த ஜெர்மன் பள்ளியில் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

நம் தெலுங்கு வீடுகளில் இண்டிபேரு என்று சொல்வது இதைத்தான். இல்லு என்றால் வீடு, பேரு என்றால் பெயர், வீட்டுப் பெயர். அவற்றில் மிகப் பல ஊர்ப்பெயர்கள். ஓர் ஊரை விட்டு வந்தவர்களில் பல சாதிக்காரரும் இருந்ததால், ஒரே இண்டிபேரு பல சாதிகளிலும் இருக்கும். வீட்டில் அதை எடுப்பது கல்யாணப் பேச்சின்போதுதான். ஒரே இண்டிபேரு என்றால் பங்காளி முறை, பெண் கொடுக்க மாட்டார்கள்.

எல்லைப் பக்கத்து ஆட்கள் நாம். மாநிலமே நம்மைத் தாண்டி நகர்ந்திருக்கிறது. என் அண்ணன் 1957-ல் பிறந்தார். அவர் சான்றிதழில் சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம். நான் 1961-ல் அதே வீட்டில், அதே அறையில் பிறந்தேன். என் சான்றிதழில் செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநிலம். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் நடுவில் வந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்தன. வீடு அசையவில்லை, மாவட்டம்தான் மாறியது. அதனால்தானோ என்னவோ, நம் வீடுகளில் தமிழ் இனிஷியலும் தெலுங்கு இண்டிபேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நாளடைவில் இனிஷியல் நின்றது, இண்டிபேரு மறைந்தது.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

முனுசாமி சொன்னதை நான் ஏன் எழுதவில்லை? அன்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான பேர் அதைப் பின்பற்றினார்கள். இன்று வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படித்தால் எந்தப் பையன் எந்தச் சாதி என்று தெரியாது. இது சின்னச் சாதனை இல்லை. ஜெர்மனியில் செருப்பு தைப்பவர் என்று பொருள்படும் பெயரோடு ஒருவர் உலகச் சாம்பியன் ஆகலாம், யாரும் அந்தப் பெயரை வைத்து அவரை வாசலில் நிறுத்த மாட்டார்கள். நம் ஊரில் அப்படி நிறுத்தினார்கள். அதனால்தான் நாம் அதைக் கழற்றிப் போட்டோம். அதற்காக நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் முனுசாமி சொன்னது சாதிப் பட்டம் இல்லை. அது ஓர் ஊரின் பெயர். கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள், பதிவேட்டின் கட்டம் சின்னது, எனக்கு அவசரம். கொள்கை பாதி, சோம்பல் பாதி. படிக்காத ஒரு மனிதர் தன் குடும்பத்தின் வழித்தடத்தைத் தன் வாயால் சொன்னார். படித்தவன் அதை வேண்டாம் என்று தள்ளினேன்.

மறுநாள் காலையில் முனுசாமியின் அக்காவைத் தேடிப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார். காது சரியாகக் கேட்கவில்லை, கண் மங்கல். திண்ணையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தி, "உங்க அப்பா வீட்டு இண்டிபேரு என்னம்மா?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டக்கென்று சொன்னார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "எதுக்கு வாத்தியாரே கேக்கற? யாருக்குப் பொண்ணு பாக்கறே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். தம்பி மகனுக்குப் பெண் பிறந்திருக்கிறது, ஜெர்மனியில் பெயர் கேட்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் தாத்தா பஞ்சத்தில் அந்த ஊரை விட்டு, ஒரு மாடும் இரண்டு பிள்ளைகளுமாக நடந்தே வந்ததாகத் தன் அப்பா சொல்வார் என்றார். அந்த ஊரை அவரும் பார்த்ததில்லை. அது ஆந்திரப் பக்கம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. "அந்தப் பேரை இப்ப யாரு கேக்கறாங்க" என்றார். நான் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம் என்று முகத்தில் தெரிந்தது.

அந்த இண்டிபேரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்த வீட்டுச் சொத்து. அவனுக்கு மட்டும் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ பாப்பாவுக்கு இதையே வைக்கட்டுமா சார்?"

"உங்க ரெண்டு பேரோட முடிவுப்பா அது. உன் வீட்டுக்காரம்மாவையும் கேளு. அங்கத்திய சட்டம் எதுக்கு இடம் கொடுக்குதோ அதைச் செய்யுங்க. ஆனா முனுசாமின்னு வெச்சா அது தப்பான பேருன்னு நினைக்காதே" என்றேன். எந்தக் குடும்பப் பெயரும் முதல் நாளில் ஒருவரைச் சுட்டும் சொல்லாகத்தான் இருந்திருக்கும். எவரோ ஒரு பீட்டரின் பிள்ளைகள்தான் பீட்டர்ஸ் ஆனார்கள். எவரோ ஒருவர் ஹெஸ்ஸனை விட்டு வந்ததால்தான் ஹெஸ்ஸே வந்தது.

ஒரு வாரம் கழித்துச் செய்தி அனுப்பினான். குழந்தையின் குடும்பப் பெயர் முனுசாமி. மனைவி சொன்னாராம்: எங்கப்பா உயிரோட இருக்கார், அவர் பேரை நான் சுமக்கறேன், மாமா இல்லை, அவர் பேரைப் பாப்பா சுமக்கட்டும் என்று. குழந்தையின் சொந்தப் பெயர், அந்தப் பெண்ணின் அம்மா பெயர். குண்டர்ட் வீட்டில் நடந்த மாதிரியே அம்மா வீடு முன்பக்கமாக வந்து சேர்ந்துவிட்டது. இண்டிபேரை ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, அதன் கீழே அத்தை சொன்ன மாட்டுக் கதையையும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னான்.

இன்னும் நூறு வருடம் கழித்து ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெண்ணோ பையனோ முனுசாமி என்ற தன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று தேடலாம். அது ஒரு ஜெர்மன் குடும்பப் பெயராகவே ஆகியிருக்கும். அந்த நோட்டு இருந்தால் பதில் கிடைக்கும்.

ஆகவே இன்றைய வீட்டுப்பாடம் இது. உங்கள் வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். இண்டிபேரு என்ன, எந்த ஊரிலிருந்து வந்தோம், ஏன் வந்தோம், யாரோடு வந்தோம். அம்மா பக்கத்தையும் கேளுங்கள், அதுதான் முதலில் மறைகிறது. தமிழ் வீடுகளில் இண்டிபேரு இல்லாவிட்டாலும் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது முன்னோர் விட்டு வந்த ஊர்தான். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அதைப் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம், மற்றவர்களிடம் அதைக் கேட்டு எடை போடவும் வேண்டாம். வீட்டுக்குள் தெரிந்திருந்தால் போதும்.

என்னிடம் சேர்க்கைக்கு வந்து, வீட்டுப் பெயரைச் சொல்லி, நான் எழுதாமல் விட்ட மற்ற வீடுகளும் இருக்கும். அப்படி யாருக்காவது நினைவிருந்தால் என்னை அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பெரியவர்களிடம் விசாரிக்க நான் வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் இல்லை.

மணி அடித்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பள்ளிப்பட்டு.